கெசட்டில் கேட்ட இருமலும் கணினி கேட்கும் சிரிப்பும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஒரு சம்பவத்தில் தொடங்கி ஒரு வரலாற்றைச் சொல்லப் போகிறோம்.

போன தவணையில் ஒரு நாள், தரம் 8 வகுப்பு. வீட்டு வேலை செய்யாமல் வந்த ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஏன் என்று கேட்டோம். பிள்ளை பதில் சொல்லவில்லை, சிரித்தான். இரண்டாம் முறை குரலை உயர்த்திக் கேட்டோம். இன்னும் சிரித்தான். ஆசிரியரைக் கேலி செய்கிறான் என்றே விளங்கிக்கொண்டோம். முழுப் பாடவேளையும் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டோம். இரண்டு நாள் கழித்து அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். "சின்னதிலயே அப்படித்தான் சேர். பயந்தா சிரிப்பான். அழத் தெரியாது அவனுக்கு" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் கற்பித்த எமக்கு ஒரு பிள்ளையின் சிரிப்பை வாசிக்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இந்த விஷயத்தைத் தேடி வாசித்தோம். வாசிக்கும்போதுதான், மனிதக் குரலில் சொல்லுக்கு வெளியே இருக்கும் சிரிப்பு, தயக்கம், பெருமூச்சு, மௌனம் ஆகியவற்றைத் தானாகக் கண்டுபிடித்து அர்த்தம் சொல்ல இயந்திரங்களைப் பழக்குகிறார்கள் என்பதும், அதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதும் தெரிந்தது. அந்த வரலாறு எமது கரைக்கு அந்நியமானது அல்ல.

முதலில் எமது வீடுகளை நினைத்துப் பாருங்கள். எண்பதுகளில் கற்பிட்டியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் சவூதிக்கும் குவைத்துக்கும் போன எத்தனையோ பேர் கடிதத்தோடு கெசட்டும் அனுப்பினார்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மார் பேசி அனுப்பினார்கள். அந்தக் கெசட்டைப் போட்டதும் வீடு முழுக்க டேப் ரெக்கோடரைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். "நான் நல்ல சுகம், யாரும் கவலைப்பட வேணாம்" என்று குரல் வரும். உம்மும்மா மட்டும் தலையை ஆட்டுவார். "இல்ல, மேலுக்குச் சுகமில்ல போல. குரல் உள்ளுக்குப் போயிருக்கு" என்பார். ஒரு இருமல், ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் நீண்டுபோன ஒரு மௌனம், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த சாட்சி. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஏனென்றால் அந்தக் குரலை அவர் தொட்டிலிலிருந்து கேட்டவர்.

இந்த அறிவுக்கு எமது மொழியில் மிகப் பழைய பதிவுகள் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பின் வழியாக வெளிப்படுவதை எட்டாக வகுக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பவை அந்த எட்டு. முதலாவது நகை, அதாவது சிரிப்பு. சிரிப்பு பிறக்கும் இடம் நான்கு என்றும் அது சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நாம் அன்று வகுப்பில் முதலாவதை மட்டுமே கேட்டோம். அச்சத்தில் பிறக்கும் சிரிப்பு அந்த நான்கில் நேரடியாக இல்லை என்பதையும் கவனியுங்கள். எவ்வளவு நுணுக்கமாகப் பட்டியல் போட்டாலும் ஒரு பிள்ளை அதற்கு வெளியே நின்றுவிடலாம்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71 ஆவது அதிகாரம் அரசவையில் பிறர் உள்ளத்தை அறிவது பற்றியது, 110 ஆவது காதலர் பற்றியது. குர்ஆனில் முஹம்மத் அத்தியாயத்தின் 30 ஆவது வசனம் நயவஞ்சகர்களை அவர்களுடைய பேச்சின் தொனியைக் கொண்டு அறிந்துகொள்வது பற்றிப் பேசுகிறது. ஆக, குரலில் சொல்லை மீறிய ஒரு செய்தி இருக்கிறது என்பது எமக்குப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அதை யார் கேட்கிறார்கள், கேட்டபின் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எப்போதும் சிக்கலான இடம்.

அந்தச் சிக்கலை எமது நாடு இரத்தத்தில் கண்டிருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் பஸ்களை மறித்து ஏறிய கும்பல்கள் பிரயாணிகளை 'பால்தியா' என்று சொல்லச் சொன்னார்கள். வாளிக்கான சிங்களச் சொல் அது. சொல்லின் முதல் எழுத்து நாக்கில் தடுமாறினால் அவர் தமிழர் என்று முடிவெடுத்தார்கள். ஒரு எழுத்து ஒரு உயிரைத் தீர்மானித்தது. இது உலகத்தில் முதல் முறையும் அல்ல. பைபிளின் நியாயாதிபதிகள் நூலில் 'ஷிபோலேத்' என்ற சொல்லை உச்சரிக்கத் தெரியாததால் யோர்தான் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டவர்கள் 42,000 பேர் என்று வருகிறது. அன்று பஸ்ஸில் ஏறியவனிடம் கணினி இருக்கவில்லை. ஆனால் அவன் செய்த வேலையின் அமைப்பைப் பாருங்கள். ஒரு சிறு ஒலியை எடுத்தான். அதற்கு ஒரு பெயர் ஒட்டினான். அந்தப் பெயரை வைத்து மனிதனைத் தீர்த்தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். புத்தளம் அவர்களுக்கு இடம் கொடுத்தது, சோறு கொடுத்தது. அதை நன்றியோடு சொல்லாதவர்கள் இல்லை. அதே நேரம் கடைத்தெருவில் வாயைத் திறந்தவுடன் 'அகதி' என்று அடையாளம் கண்ட காலமும் இருந்தது. யாழ்ப்பாணத்தின் இழுவை, மன்னாரின் ஓசை, புத்தளத்தின் வேகம் எல்லாம் ஒரே தமிழ்தான், ஒரே பள்ளிவாசல்தான். ஆனால் காது பிரித்து வைத்தது. சில பிள்ளைகள் வகுப்பில் ஒரு மொழியும் வீட்டில் இன்னொரு மொழியும் பேசப் பழகினார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளின் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டது. அந்தக் கலப்பு எமக்குக் கிடைத்த பரக்கத் என்றே நினைக்கிறோம்.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம்.

குரலிலிருந்து மனதை அளக்கும் கருவி முதலில் பொய்யைப் பிடிக்கத்தான் வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முன்னாள் இராணுவ அதிகாரிகள் சிலர் ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பொய் சொல்லும்போது குரலில் உள்ள ஒரு நுண்ணிய நடுக்கம் மாறும், அதைப் பதிவு செய்தால் பொய்யனைப் பிடிக்கலாம் என்றார்கள். பொலிஸ் நிலையங்கள் வாங்கின. காப்புறுதிக் கம்பனிகள் வாங்கின. பிற்காலத்தில் அதே வகைக் கணினி மென்பொருட்களை ஒக்லஹோமா மாநிலத்துத் தடுப்புச் சிறை ஒன்றில் சோதித்தார்கள். கைதிகளிடம் அண்மையில் போதைப்பொருள் பாவித்தீர்களா என்று கேட்டு, சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். 2008 இல் முடிவு வெளிவந்தது. சொல்லப்பட்ட பொய்களில் நூற்றுக்கு 15 மட்டுமே பிடிபட்டிருந்தன. பிரித்தானியாவிலும் அரச உதவி கேட்டு தொலைபேசியில் பேசும் ஏழைகளின் குரலை இப்படிச் சோதிக்கும் பரீட்சார்த்தத் திட்டம் 2007 இல் தொடங்கி, 2010 இல் கைவிடப்பட்டது.

இதற்கிடையில் நேர்மையான விஞ்ஞானிகளின் பாதையும் ஒன்று வளர்ந்தது. 1997 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்காட், கணினிக்கு மனித உணர்வை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார். 2005 இல் ஜேர்மனியின் பேர்லினில் பத்து நடிகர்களைக் கொண்டு, கோபமாகவும் பயமாகவும் சலிப்பாகவும் ஒரே வசனங்களைப் பேச வைத்து சுமார் 500 ஒலிப்பதிவுகள் அடங்கிய தொகுப்பை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதை வைத்துத் தமது நிரல்களைப் பழக்கினார்கள்.

2009 இல் வின்சியரெல்லி, பன்டிக், பூர்லார் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு முகவரி கொடுத்தது. ஒருவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சொன்னார், எப்போது சிரித்தார், எங்கே இடைமறித்தார், எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார் என்பவற்றை அவர்கள் சமூகச் சமிக்ஞைகள் என்றார்கள். அவற்றைக் கணினியே கண்டுபிடித்து, இங்கே இணக்கம் இருக்கிறது, இங்கே பிணக்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது நோக்கம்.

2013 இல் பிரான்சின் லியோன் நகரத்தில் நடந்த பேச்சு விஞ்ஞான மாநாட்டில் இதற்காக ஒரு போட்டியே வைத்தார்கள். ஒரு பிரிவில் 120 பேருடைய தொலைபேசி உரையாடல்களிலிருந்து வெட்டிய, 11 செக்கன் நீளமான 2,763 துண்டுகளைக் கொடுத்தார்கள். அதில் எங்கே சிரிப்பு, எங்கே 'ம்ம்', 'ஆ' என்ற தயக்க ஒலி என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு பிரிவில் சுவிட்சர்லாந்துத் தொலைக்காட்சியின் பிரெஞ்சு மொழி அரசியல் விவாதங்களிலிருந்து 30 செக்கன் துண்டுகள் 1,430. அதில் சண்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். குரலைக் கணினி மிகச் சிறிய துண்டுகளாக வெட்டுகிறது, ஒரு செக்கனில் நூறு துண்டுகள் அளவில். ஒவ்வொரு துண்டிலும் சுருதி எவ்வளவு, சத்தம் எவ்வளவு, ஒலியின் நிறம் எப்படி என்று எண்களாக எழுதுகிறது. அதே துண்டுகளை மனிதர்கள் கேட்டு, இது சிரிப்பு, இது கோபம், இது பயம் என்று பெயர் ஒட்டி வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான உதாரணங்களைப் பார்த்தபின் இந்த மாதிரி எண்களுக்கு இந்தப் பெயர் என்று கணினி பழகிக்கொள்கிறது. அவ்வளவுதான். அதற்குக் கோபம் என்றால் என்ன என்று தெரியாது. பெயர் ஒட்டியவரின் காது எப்படியோ, கணினியின் காதும் அப்படியே.

இப்போது எமது கரைக்கு வாருங்கள். பிணக்கைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு மிகவும் உதவிய அடையாளங்களில் ஒன்று, இருவர் ஒரே நேரத்தில் பேசுவது. சுவிட்சர்லாந்து விவாத மேடையில் அது சரியாக இருக்கலாம். பெருநாள் அன்று எமது வீட்டுக் குசினியில் ஐந்து ராத்தாமார் ஒரே நேரத்தில் பேசுவதை அந்தக் கணினியிடம் கொடுத்தால் அது பொலிசைக் கூப்பிடும்! உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவதையும், கற்பிட்டியில் வள்ளத்திலிருந்து கரைக்குக் கத்திப் பேசுவதையும் கொடுத்துப் பாருங்கள். காற்றையும் அலையையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை அது. சுருதி உயரும், சத்தம் உயரும், வேகம் கூடும். பேர்லின் நடிகரின் கோபத்துக்கும் எண்கள் அப்படித்தான் இருக்கும். எமது மீனவர் தொலைபேசியில் கடனைப் பற்றி விசாரித்தால், மறுமுனையில் இருக்கும் கணினி 'கோபமான வாடிக்கையாளர்' என்று குறித்து வைக்கலாம்.

இது கற்பனைப் பயம் அல்ல. தொலைபேசிச் சேவை நிலையங்களில் பேசுபவரின் தொனியை உடனுக்குடன் அளந்து ஊழியருக்குச் சொல்லும் மென்பொருட்கள் வெளிநாடுகளில் பல வருடங்களாகப் பாவனையில் இருக்கின்றன. ஜேர்மனியில் 2017 தொடக்கம், அடைக்கலம் கேட்டு வருபவர் பேசும் அரபு வட்டார வழக்கைக் கணினி கேட்டு அவர் எந்த நாட்டவர் என்று அதிகாரிக்கு ஒரு குறிப்புக் கொடுக்கிறது. 'பால்தியா' என்ற சொல்லும் கற்பிட்டிக் கடைத்தெருவும் ஞாபகம் வருகிறதல்லவா? இறுதி முடிவு அதிகாரியுடையது என்கிறார்கள். ஆனால் திரையில் வந்த எண்ணை மறுத்து, எதிரில் இருப்பவரின் வார்த்தையை நம்பும் துணிவு எத்தனை அதிகாரிகளுக்கு இருக்கும்?

தமிழிலும் இந்த வேலை தொடங்கிவிட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கைத் தமிழ் பேசுபவர்களின் குரலில் 'எமோட்டா' என்ற உணர்வுத் தொகுப்பை 2025 இல் வெளியிட்டார்கள். 11 ஆண்கள், 11 பெண்கள், 936 ஒலிப்பதிவுகள். கோபம், மகிழ்ச்சி, கவலை, பயம், சாதாரணம் என ஐந்து நிலைகள். எமது மொழிக்கு இப்படி ஒன்று இல்லாமல் இருந்த இடத்தில் அவர்கள் செய்தது பெரிய வேலை, பாராட்ட வேண்டும். மனச்சோர்வுள்ளவரை நேரத்தோடு கண்டுகொள்ளவும், பேச்சில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கு உதவவும் இந்த அறிவு ஒரு நாள் பயன்படலாம். ஆனால் 22 பேரின் குரலால் எத்தனை ஊரைச் சுமக்க முடியும்? மேலும், 'பயமாகப் பேசுங்கள்' என்று சொன்னதும் ஒருவர் பேசிக் காட்டும் பயம் வேறு. வகுப்பில் எழுந்து நின்று சிரித்த எமது பிள்ளையின் பயம் வேறு. அந்தச் சிரிப்பை ஒலிப்பதிவு செய்து கொடுத்திருந்தால் எந்தக் கணினியும் 'மகிழ்ச்சி' என்றே எழுதியிருக்கும். நாம் 'கேலி' என்று எழுதினோம். சரியாக வாசித்தது அவனுடைய உம்மா மட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஆபத்தை விளங்கிக்கொண்டு சட்டம் செய்திருக்கிறது. 2025 பெப்ரவரி 2 தொடக்கம், வேலைத்தளங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் ஒருவரின் உணர்வைக் குரல், முகம் போன்றவற்றிலிருந்து ஊகிக்கும் கணினி முறைகள் அங்கே தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விதிவிலக்கு. மைக்ரோசொப்ட் கம்பனி 2022 இலேயே முகத்திலிருந்து உணர்வைச் சொல்லும் தனது சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் பாடசாலையில் பிள்ளையின் குரலிலிருந்து அவன் மனதை ஊகிக்கக் கூடாது என்று ஐரோப்பாவைப் போல வெளிப்படையாகச் சொல்லும் விதி எமக்கும் தேவை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

பெற்றோரே, பிள்ளையின் போனில் புதிய செயலி ஒன்று மைக்கைத் திறக்க அனுமதி கேட்டால், எதற்கு என்று கேட்காமல் 'ஆம்' அழுத்த வேண்டாம். படித்த தம்பி தங்கைமாரே, உங்களில் கணினித் துறைக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். தமிழ்க் குரல்களைச் சேகரிக்கும் வேலை எங்கே நடந்தாலும், இந்தக் கரையின் பேச்சும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதம் கேட்டு, எதற்காக என்று விளங்கப்படுத்தி, முறையாகச் சேகரியுங்கள். பெயர் ஒட்டும் இடத்தில் எமது காதும் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்குச் சொல்வதை எமக்கே முதலில் சொல்லிக்கொள்கிறோம். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12 ஆவது வசனம் அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்கவும், பிறரைத் துருவி ஆராயாமல் இருக்கவும் எமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு பிள்ளையின் சிரிப்பைக் கேட்டதும் மனதில் வருவது ஒரு ஊகம்தான். ஊகத்தைத் தீர்ப்பாக்க முன் அவனிடமே கேட்கலாம். அவனால் சொல்ல முடியாவிட்டால் அவனை அறிந்தவரிடம் கேட்கலாம். பஸ்ஸை மறித்தவன் கேட்டது ஒரு எழுத்தை மட்டும். உம்மும்மா கெசட்டில் கேட்டது தன் பிள்ளையை. கேட்டபின் அவர் செய்தது என்ன தெரியுமா? அடுத்த கடிதத்தில் "மருந்து எடுத்தியா மகள்?" என்று எழுதச் சொன்னார்.

அந்தப் பிள்ளையை அடுத்த நாள் வகுப்பின் முன்னால் அழைத்து, "உன்னைப் பிழையாக விளங்கிவிட்டோம் மகன், மன்னித்துக்கொள்" என்றோம். எல்லோருக்கும் முன்னால் தண்டித்ததால் எல்லோருக்கும் முன்னாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். இந்த முறை அது எந்தச் சிரிப்பு என்று நாம் முடிவெடுக்கவில்லை. இடைவேளையில் பக்கத்தில் வந்து, வீட்டு வேலைக் கொப்பியை நீட்டினான்.

உங்கள் வீடுகளில் பழைய கெசட்டுகள் இருந்தால் வீசிவிடாதீர்கள். அந்தக் குரல்களில் என்ன கேட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள், பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வோம்.